அரை மணி நேர வெறும் வயிறு

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஓட்டை விழுந்த செய்தியைவிட, அந்த ஓட்டையை எப்படி அடைத்தார்கள் என்ற செய்திதான் ஊரில் வேகமாகப் பரவியது. பரப்பியவர் அவரேதான். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்து பேசத் தெம்பு வந்ததும், பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டி, "உள்ள பஞ்சர் ஒட்டிக்கீறாங்கப்பா" என்றார். டாக்டர் அம்மா எங்களுக்கு விளக்கமாகத்தான் சொல்லியிருந்தார். வயிற்றுக்குள் திரை மாதிரி தொங்குகிற கொழுப்புச் சவ்வில் கொஞ்சத்தை இழுத்து, ஓட்டையின் மேல் வைத்துத் தைத்திருக்கிறார்களாம். இவர் அதைச் சைக்கிள் ட்யூப் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்று விசாரித்தார்கள்.

ஓட்டை விழுந்ததற்குக் காரணம் முட்டி வலி. டிராக்டர் ஓட்டி ஓட்டி முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டரிடம் போகச் சொன்னால் போகமாட்டார். உத்திரமேரூர் கடைத்தெருவில் உள்ள மெடிக்கலில் போய், "முட்டி வலிக்குது, ஒரு செட்டு குடு" என்பார். செட் என்றால் காகித உறையில் மூன்று நாலு நிறத்தில் உதிரி மாத்திரைகள். அதை வயலில் நின்றபடி, வாய்க்கால் தண்ணீரை அள்ளி விழுங்கிவிடுவார். வருஷக்கணக்கில் இப்படி விழுங்கினால் வயிறு என்ன கல்லா? ஒரு நாள் வேர்க்கடலைக் கொல்லையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவருக்கு நாக்கு குழறிவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய மருந்து கொடுத்தார்கள். அதில் ஒன்றை டாக்டர் அம்மா தனியாக எடுத்து என் கையில் வைத்தார்.

"இதுதான் முக்கியம். வயித்துல ஊறுற அமிலம் புண்ண ஆற விடாது. புதுசாத் தோல் வளர வளர அரிச்சுக்கிட்டே இருக்கும். இந்த மாத்திரை அமிலத்தைக் குறைச்சு வைக்கும், அந்த நேரத்துல புண் ஆறிடும். காலையில வெறும் வயித்துல போடணும். போட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பாடு."

என் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. வராண்டாவுக்கு வந்ததும் என்னிடம், "இன்னாமே இது, கேஸ் மாத்திர. இத்தப் போய் மருந்துன்னு குடுக்கிறாங்க" என்றார்.

அவர் வருத்தத்திலும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கேஸ் மாத்திரைக்கு மரியாதை கிடையாது. எந்த வலிக்கு மாத்திரை வாங்கினாலும் கூடவே கடைக்காரர் ஒன்று போட்டுக் கொடுப்பார், காய்கறிக்காரர் கறிவேப்பிலை போடுகிற மாதிரி. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட மனிதனுக்குப் பெயர் தெரியாத, வாயில் நுழையாத ஒரு மருந்து கொடுக்காமல் கேஸ் மாத்திரையைக் கொடுத்தது அவருக்கு அவமானமாக இருந்தது.

எனக்கு அந்த அவமானம் எதுவும் இல்லை. நான் திருப்புலிவனம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளைகள் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. கன்னத்தில் ஒதுக்குவார்கள், நாக்குக்கு அடியில் வைப்பார்கள், கைக்குட்டையில் துப்புவார்கள். அத்தனை பேரையும் வாயைத் திறக்க வைத்து, நாக்கைத் தூக்க வைத்துச் சரிபார்த்துப் பழகியவள் நான். ஒரு வீட்டுக்காரர் எனக்கு எம்மாத்திரம்?

மறுநாள் காலையிலிருந்தே சட்டம் அமலுக்கு வந்தது. அவர் விடியலில் எழுந்து கொல்லைக்குப் போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு, ஏழு மணிக்கு வீடு திரும்புவார். ஆபரேஷனுக்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். வாசலிலேயே நான் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் சொம்புத் தண்ணீருமாக நிற்பேன். விழுங்குவார். "நாக்கத் தூக்குங்க" என்பேன். தூக்குவார். பிறகு போனில் அரை மணிக்கு அலாரம் வைப்பேன். இட்லியைத் தட்டில் போட்டு, பருப்புச் சட்னி ஊற்றி, அதன்மேல் இன்னொரு தட்டை மூடி அவர் எதிரிலேயே வைப்பேன். காரம் கிடையாது, புளி கிடையாது. அலாரம் அடிக்கும்வரை மூடியைத் தொடக்கூடாது.

"ஒரே ஒரு விள்ளல்மே" என்பார்.

"பேசாம உக்காருங்க."

"ஆறிடும்மே."

"இட்லி ஆறினா பரவால்ல, வயித்துப் புண்ணு ஆறணும்."

இதை நான் பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். எங்கள் தலைமையாசிரியை, உங்களிடம் மாட்டினால் டாக்டரே நாக்கைத் தூக்க வேண்டியதுதான் என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஆனால் எரிச்சல் போகவில்லை. வெளித் தையல் காய்ந்துவிட்டது, நடை பழையபடி ஆகிவிட்டது, முட்டியைக்கூட மறந்துவிட்டார். மேல் வயிற்றில் மட்டும் தொட்டால் வலி, தொடாவிட்டால் எரிச்சல். வாரங்கள் போயின. காட்டப் போனபோது டாக்டர் அம்மா அவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். வெறும் வயிறு, அரை மணி, அலாரம், நாக்கு, எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். டாக்டர் அம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"இவ்வளவு ஒழுங்காப் போட்டும் ஆறலைன்னா, உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். ஒட்டுப் போட்ட இடம் சரியாப் பிடிக்கலைன்னா மறுபடியும் திறக்க வேண்டி வரலாம்."

மறுபடியும் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த நாள் கண்முன் வந்துவிட்டது. முதல் தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எங்கே வைப்பது என்று தெரியாமல். பஸ்ஸில் வரும்போது, மானாம்பதி கூட்டு ரோடு தாண்டியதும் அவர், "இன்னொரு தபா அறுத்தா தாங்குமாமே?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செய்தி கேட்டு என் நாத்தனாரும் அவர் கணவரும் அன்று மாலையே வந்துவிட்டார்கள். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. தம்பி உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் என்னைத்தான் விசாரிப்பார். நான் போட்ட டீயைக் கையில் வாங்கிக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"இந்தா பாருமே, மறைக்காம சொல்லு. கத்திரிக்கா போட்டியா?"

"போடல."

"பின்னாடி செடி கீதே."

"செடி கீது. கொழம்புல போடல."

"செடி கீதுன்னா எப்பிடி ஆறும்? கத்திரிக்கா வாடையே புண்ணுக்கு ஆவாது. சீழ் கோத்துக்கும்."

சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார், பின்பக்கம் போனார், நான் பார்த்துப் பார்த்து வளர்த்த நாலு கத்திரிச் செடிகளையும் வேரோடு பிடுங்கினார். பூ விட்டிருந்த செடிகள். புண் ஆறினால் செடி போனால் போகட்டும் என்று அன்று உண்மையாகவே நினைத்தேன்.

அவர் கணவருக்கு வேறு கொள்கை. அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். நெல் வியாபாரம் செய்கிறவர், எதையும் யோசித்து யோசித்துத்தான் பேசுவார், யோசித்தது எல்லாமே தப்பாக இருக்கும்.

"தங்கச்சி, டாக்டர் இன்னா சொன்னாரு, இந்த மாத்திர வயித்துல கீற சூட்டக் கொறைக்கும்னுதான?"

"அமிலத்தைன்னு சொன்னாங்கண்ணா."

"ரெண்டும் ஒண்ணுதான். வயிறுன்றது அடுப்பு. நீ தெனம் காலையில மாத்திரையப் போட்டு அடுப்ப அணைச்சிர்ற. அப்பால இட்லிய வைக்கிற. அணைஞ்ச அடுப்புல இட்லி எப்பிடி வேகும்?"

"இட்லி வெந்துதாண்ணா உள்ள போவுது."

அண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, வெந்த இட்லியாகவே இருந்தாலும் உள்ளே போய் அது ஈரமாகப் புண் மேலேயே உட்கார்ந்துகொண்டிருக்கும் என்றார். ஈரம் இருந்தால் ஒட்டு பிடிக்காது, பஞ்சர் கடைக்காரரைக் கேட்டுப் பார் என்றார். என் வீட்டுக்காரர் தன் டீயைக் குடித்துக்கொண்டே, "மச்சான் சொல்றது கரெக்ட்டுதான்" என்று தலையாட்டினார். மாத்திரையை நிறுத்த யாராவது ஒரு வழி சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த மனிதர் அவர். நான் முறைத்த முறைப்பில் தலையாட்டல் நின்றது.

அவர்கள் போன பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. அடுப்பு மேல் இல்லை, மாத்திரை மேல். ஒருவேளை போலி மாத்திரையோ என்று ஒன்றை எடுத்துப் புளித்தண்ணீரில் போட்டேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை என்றால் புளிப்பும் குறைய வேண்டுமல்லவா? ஒரு மணி நேரம் கழித்து நக்கிப் பார்த்தேன். புளித்தண்ணீர் புளிப்பாகவே இருந்தது. நாலாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். மறுநாள் மெடிக்கல் கடைக்காரரிடம் போய் இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், அது வயித்துல வேலை செய்யும், கிண்ணத்துல செய்யாது" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு கடையில் புது அட்டை வாங்கினேன். எரிச்சல் அப்படியே இருந்தது. அவர் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை தோளில் தொங்கியது. நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு அவர் வயிற்றைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேமரா விடும் நாள் வந்தது. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றும் கூடாது, வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் எட்டு மணிக்கே அடுப்படியைப் பூட்டினேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் காஞ்சிபுரம் போனோம். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். அவர் கை நடுங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் வாசலில் நின்றோம். திரும்பி வருவதற்கும் எங்கள் நம்பரைக் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

நர்ஸ் கேட்டார்: "ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"பச்சைத் தண்ணி பல்லுல படல" என்றேன்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அம்மன்களை எல்லாம் வேண்டினேன். இரண்டாவது அம்மன் முடிவதற்குள் கதவு திறந்து நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. உள்ளே ஓடினேன்.

என் வீட்டுக்காரர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாயில் கறுப்புக் குழாய். பெரிய டிவி மாதிரி ஒரு திரை. அதில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக ஏதோ தெரிந்தது. அதன் நடுவில் பழுப்பு நிறத் தண்ணீர். தண்ணீரில் ஊறிப்போன ஒரு துண்டு மிதந்துகொண்டிருந்தது. டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார், திரையைக் காட்டினார்.

"டீச்சர், இது என்ன?"

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக அதை எங்கள் வீட்டு எதிர்க் கடையில் பார்க்கிறேன்.

"பொறைங்க."

"பொறையா?"

"டீக்கடையில டீயில தோய்ச்சுச் சாப்பிடுவாங்களே, அந்தப் பொறை. வாசல்ல ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், கை நடுங்கிக்கினு இருந்துது."

"ஒண்ணா?"

என் வீட்டுக்காரரால் பேச முடியவில்லை. படுத்தபடியே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

டாக்டர் அம்மா குழாயை மெல்ல வெளியே இழுத்துவிட்டார். அதன் பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். உள்ளே இருந்தது மேலே வந்து மூச்சுக்குழாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். வெறும் வயிறு என்று சொன்னீர்களே என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. நான் பொய் சொல்கிறவளா?

"வெறும் வயிறுதான் டாக்டர். டீதான் குடிச்சாரு" என்றேன்.

நர்ஸ், டீதானே என்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பார்த்த பார்வையில் நர்ஸ் ட்ரேயைத் துடைக்கப் போய்விட்டார்.

டாக்டர் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப வீட்டுல? மாத்திரை போடறதுக்கு முன்னாடி?"

நான் யோசித்தேன். கொல்லை, டீக்கடை, பேப்பர், ஏழு மணி, வாசலில் நான். சொல்லும்போதே என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மாத்திரைக்கு முன் தினமும் ஒரு டீ, இரண்டு பொறை. அவர் மறைக்கவே இல்லை. டீக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நானும் சரி என்றுதான் அனுப்புவேன். எங்கள் வீட்டில் யாருக்கும் டீ சாப்பாட்டில் சேராது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், ஒன்றும் சாப்பிடவில்லை, டீதான் என்போம். நாஷ்டா என்றால்தான் சாப்பாடு. நாக்கைத் தூக்கிப் பார்த்த எனக்கு அந்த நாக்கில் டீ மணந்தது தெரியாமலா இருந்தது? மணந்தது. தப்பாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"வயித்துக்கு டீயும் பொறையும் சாப்பாடுதான்" என்றார் டாக்டர் அம்மா. "ஒரு வாய் உள்ள போனாலும் அமிலம் ஊற ஆரம்பிச்சிடும். மாத்திரை அதுக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கணும். அப்பதான் அடக்கும். நீங்க கல்யாணம் முடிஞ்ச அப்புறம் பந்தக்கால் நட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. பாத்த வரைக்கும் ஒட்டு நல்லாப் பிடிச்சிருக்கு. புண்தான் பாதி ஆறிப் பாதி ஆறாம கிடக்கு. மாத்திரையைச் சரியாப் போட்டுட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் ஆறலைன்னா யோசிக்கலாம்."

அன்று வீட்டுக்கு வந்து நான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கத்திரிச் செடி பிடுங்கின குழியைப் பார்த்து நாத்தனாரைத் திட்டினேன்.

மறுநாளிலிருந்து மாத்திரை கண் விழித்ததும் படுக்கையிலேயே. அதன் பிறகு அரை மணிக்கு டீ கிடையாது, பொறை கிடையாது. இட்லிக்கு எதிரில் உட்கார்ந்தது ஒரு கஷ்டமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவரை அந்த அரை மணி வீட்டில் வைத்துச் சமாளிப்பது பெரும் பேஜார். வாசலுக்குப் போவார், டீக்கடை பாய்லரின் ஆவியைப் பார்ப்பார், திரும்பி வருவார். சமையல் பாத்திரங்களின் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். வீட்டில் கடுகு இவ்வளவு எதற்கு என்று கேட்பார். ஒரு நாள் என் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களை எடுத்து, ஒரு பிள்ளைக்கு நான் மார்க் குறைத்துப் போட்டுவிட்டதாக வழக்குப் பேசினார். டீக்கடையில் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்தார். டீ குடிக்காமல் பேப்பரை மட்டும் படிக்கிறவனை அங்கே ஒரு மாதிரி பார்த்தார்களாம். இதெல்லாம் அரை மணிக்குள். அலாரம் அடித்ததும் அவர் வெளியே ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் முட்டி வலி என்று ஒன்று இருந்ததாகவே யாரும் நம்பமாட்டார்கள்.

எரிச்சல் குறைந்தது. முதலில் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் கண் பட்டுவிடும் என்று பயம். இரண்டாவது இட்லிக்குப் பிறகு மூன்றாவது கேட்டார். நான் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு வைத்தேன், முகத்தைக் காட்டாமல்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது நர்ஸ் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். டீ, காபி, பால், பிஸ்கட், பொறை, வர்க்கி, பன், முறுக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். டாக்டர் அம்மா என்னையும் உள்ளேயே நிற்கச் சொன்னார். போன தடவை மாதிரியே என் வீட்டுக்காரர் ஒருக்களித்துப் படுத்தார், குழாய் போனது, திரையில் வெளிச்சம் வந்தது. இந்த முறை உள்ளே எதுவும் மிதக்கவில்லை. கழுவி விட்ட மாதிரி இருந்தது. டாக்டர் அம்மா குழாயை மெல்லத் திருப்பி ஒரு இடத்தில் நிறுத்தினார். இளஞ்சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சின்னத் தழும்பு.

"இதுதான் அந்த இடம். முழுசா ஆறிடுச்சு. இனிமே திறக்க வேண்டியதில்ல."

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. ஆறிவிட்டதே, ஏன் அழுகிறீர்கள் என்று டாக்டர் அம்மா கேட்டார். டீச்சர் பேசுகிற தமிழ் எதுவும் எனக்கு அப்போது வரவில்லை.

"இருவது வருஷமா இந்த வயித்த ரொப்பிக்கினு கீறேன் டாக்டர். இவ்ளோ சின்னதா கீதுன்னு இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்றேன்.

நர்ஸ் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரரால் சிரிக்கவும் முடியாது, பேசவும் முடியாது. குழாயைக் கவ்வியபடி, பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். என் கை கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். நாலு பேருக்கு எதிரில் அவர் என் கையைப் பிடித்தது கல்யாணத்தன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குழாயை வெளியே எடுத்த பிறகும் விடவில்லை.